தினமும் தன்னையே வீடியோ எடுத்து வயசாவதப் பத்திப் பேசுறது டைரியா, தற்பெருமையா?

கேள்வி | 2 மார்ச் 2025, மாலை 6.15
இப்பல்லாம் வயசானவங்க ஃபோன முன்னால வச்சிக்கிட்டு தினம் ஒரு வீடியோ எடுக்குறாங்க, முட்டி வலி, நரை, சாவு, எல்லாத்தப் பத்தியும் பேசுறாங்க. எனக்கென்னவோ இதுல உண்மை இருக்குற மாதிரி தெரியல. டைரின்னா எழுதிப் பூட்டி வைக்கணும். கேமரா முன்னால உக்காந்துட்டாலே மனுஷன் நடிக்க ஆரம்பிச்சிடுறான். சாவப் பத்தி நடிக்கிறது அதவிட மோசம். யாருக்காவது வேற கருத்து இருக்கா?

3 மார்ச் 2025, இரவு 11.20
இருக்கு. நீங்க சொல்ற ரகத்து ஆளுதான் நான். சேனல் கிடையாது, யாருக்கும் காட்டுறதும் கிடையாது, ஆனா ஜனவரி 19 அன்னைக்கு 68 முடிஞ்சதுலேர்ந்து தினமும் சாயங்காலம் அடுப்படி ஜன்னல் பக்கத்துல நாற்காலியப் போட்டு மூணு நிமிஷம் என்னையே எடுத்துக்கிறேன். இன்னைக்கு 44வது. பூட்டி வைக்கணும்னு சொன்னீங்களே, அதுல எனக்குக் கவலையே இல்ல, பாஸ்வேர்டு எனக்கே பாதி நாள் ஞாபகம் வர்றதில்ல.

என் தொழிலச் சொல்லிடுறேன். 1984லேர்ந்து 2016 வரைக்கும் வார நாள்ல இங்க சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில எலக்ட்ரீஷியன், சனி ஞாயிறு கல்யாண வீடியோ. ஈசூன், உட்லண்ட்ஸ், ஆங் மோ கியோ பக்கம் அந்தக் காலத்துல கல்யாணம் பண்ணவங்க வீட்டு அலமாரியில நான் எடுத்த கேசட் ஒண்ணாவது இருக்கும். அதனால கேமரா முன்னால மனுஷன் நடிப்பான்னு நீங்க சொல்றத நான் மறுக்க முடியாது, முப்பத்திரண்டு வருஷம் அதப் பாத்தே பொழச்சவன். பொண்ணோட அத்த அதுவரைக்கும் சமையக்காரர வஞ்சிக்கிட்டு நிப்பாங்க, லைட்டு மேல விழுந்ததும் அப்படியே மஹாலட்சுமி ஆயிடுவாங்க.

என் முதல் பத்து நாள் வீடியோவும் அதே கததான். போன வாரம் உக்காந்து வரிசையாப் பாத்தேன், வெக்கமா இருந்துச்சு. வேட்டி கட்டிக்கிட்டு, திருநீறு பூசிக்கிட்டு, குரல இறக்கி, நிலையாமை அது இதுன்னு ஒரு பிரசங்கம். யாருக்கு? தெரியல. ஆனா ஏழாவது நாள் வீடியோவுல நடுவுல ரைஸ் குக்கர் டிக்குனு அணைஞ்ச சத்தம், நான் டக்குனு தலையத் திருப்புறேன், திருப்பும்போது கழுத்துத் தோலு ஒரு நொடி பின்தங்கி வருது. தலை திரும்பிடுச்சு, தோலு இன்னும் வந்துக்கிட்டிருக்கு. அத ஒரு இருவது தடவ ரீவைண்ட் பண்ணிப் பாத்திருப்பேன். அந்தப் பிரசங்கத்துல இல்லாத விஷயம் அந்த ஒரு நொடியில இருந்துச்சு.

அதனால என் பதில், பாதி சரி பாதி தப்பு. மீதிய நாளைக்கு எழுதுறேன், கண்ணு எரியுது.

4 மார்ச் 2025, காலை 7.05
நேத்து "தோலு பின்தங்கி வருது"ன்னு எழுதினதப் படிச்சிட்டு வீட்டுக்காரம்மா சொன்னது: "அது தோலில்ல, சட்டக் காலர்." திரும்பப் பாத்தேன். காலரும் இருக்கு, தோலும் இருக்கு. விட்டுக் குடுக்க மாட்டேன்.

4 மார்ச் 2025, இரவு 10.50
ஒருத்தர் கேட்டிருந்தார், தன் முகத்த வீடியோவுல பாத்தா ஏன் யாரோ மாதிரி இருக்குன்னு. இது எனக்குத் தெரிஞ்ச விஷயம், கல்யாண வீட்டுக்காரங்க எத்தன பேரு கேட்டிருக்காங்க. நாம வாழ்நாள் பூரா கண்ணாடியில பாக்குறது இடம் வலம் மாறின முகம். எனக்கு வகிடு வலது பக்கம்னே அம்பது வருஷமா நெனப்பு, ஊருக்கே இடது பக்கம். குரலும் அப்படித்தான், நாம பேசுறது காத்து வழியா மட்டும் இல்லாம மண்ட ஓட்டு எலும்பு வழியாவும் காதுக்குள்ள போகுது, அதுல அடித்தொனி கூடுதலா சேருது, அதனால உள்ள கேக்குற குரல் கனமா இருக்கும். ரெக்கார்டுல அந்த எலும்பு இல்ல. "என் குரல் இவ்ளோ கீச்சா?"ன்னு மாப்பிள்ளைங்க கேக்கும்போதெல்லாம் மைக்கு அப்படித்தான் தம்பின்னு சொல்லித் தப்பிச்சிருக்கேன்.

68 வயசுல இதுக்கு மேல ஒரு கணக்கு சேருது. கண்ணாடியில தினமும் பாக்குறதால மாற்றம் தெரியாது. வீடியோவுல நம்மள வெளியிலேர்ந்து பாக்குறோம், அதுவும் அசையும்போது. என் அப்பா நாற்காலியிலேர்ந்து எழும்பும்போது ரெண்டு தொடையிலயும் கைய ஊன்றி ஒரு முனகல் விட்டுத்தான் எழும்புவாரு. 31வது வீடியோ கடைசியில நான் எழும்புறேன், அதே கை, அதே முனகல். யாரும் எனக்குச் சொல்லித் தரல.

8 மார்ச் 2025, மதியம் 2.30
கை நடுக்கம் பத்தி. இத நெறைய பேரு கவனிக்கல, அதனால விளக்கமாவே எழுதுறேன்.

எனக்கு வலது கையில லேசா நடுக்கம், ஒரு ரெண்டு வருஷமா. கோப்பிக்கடையில கோப்பி ஓ வாங்கிட்டு மேசைக்குப் போறதுக்குள்ள தட்டுல பாதி. பாலிகிளினிக்ல காட்டியாச்சு, பெருசா ஒண்ணும் இல்ல, வயசு. சரி இதயும் டைரியில சேப்போம்னு ஒரு நாள் ட்ரைபாட் வேணாம், கையில ஃபோனப் புடிச்சுக்கிட்டே எடுத்தேன். பாத்தா படம் கல்லு மாதிரி நிக்குது! எனக்கே சந்தேகம், நடுக்கம் போயிடுச்சான்னு. அப்புறம் மகன் சொன்னான், "அப்பா, ஃபோன்லயே ஸ்டெபிலைசேஷன் இருக்கு, உங்க கை ஆடுனா அது எதிர்ப்பக்கம் சரி பண்ணிடும்."

யோசிச்சுப் பாருங்க, நான் வயசாவதப் பதிவு பண்ணலாம்னு உக்காருறேன், மெஷின் என்னக் கேக்காம வயசக் கழிச்சிடுது. தோலயும் கொஞ்சம் மெழுகுது, சத்தத்துல மூச்சு இளைக்கிறதக் கூட "இரைச்சல்"னு குறைச்சிடுது. ஃபோன் விக்குறவன் மேல கோபப்பட முடியாது, எல்லாருக்கும் அதுதான வேணும்.

ஸ்டோர் ரூம்லேர்ந்து என் பழைய ஹேண்டிகேம எடுத்தேன், மினிடிவி கேசட்டு போடுறது, 2003ல வாங்கினது. மெனுவுல போயி ஸ்டெபிலைசேஷன ஆஃப் பண்ணேன். இப்ப ஆடுது. ஜன்னல் ஆடுது, எதுத்த ப்ளாக் ஆடுது, கொடிக்கம்புல காயிற சட்டையெல்லாம் ஆடுது, மொத்த ஈசூனுமே ஆடுது. பாத்துட்டு ரெண்டு பேரும் சிரிச்சோம், வீட்டுக்காரம்மா ரொம்ப நேரம் சிரிச்சிச்சு, அப்புறம் எழும்பி உள்ள போயிடுச்சு.

9 மார்ச் 2025, இரவு 9.10
இது புதுசு இல்லன்னு ஒருத்தர் சொல்லியிருக்காரு. ஆமா, புதுசு இல்ல. மக லைப்ரரியில வேல பாக்குது, நான் இந்தக் கூத்து ஆரம்பிச்சதும் ஒரு ஃபிரெஞ்சுப் படத்த வலுக்கட்டாயமா உக்கார வச்சுக் காட்டிச்சு. ஆன்யெஸ் வார்தான்னு ஒரு அம்மா, 1928ல பொறந்தவங்க, 2000ல கையடக்க டிஜிட்டல் கேமராவ வச்சிக்கிட்டு அறுவடை முடிஞ்ச வயல்ல மிச்சம் மீதி பொறுக்குறவங்களப் பத்தி எடுத்த படம். நடுவுல ஒரு எடத்துல ஒரு கையில கேமரா, அதால இன்னொரு கைய எடுக்குறாங்க. தோலு, சுருக்கம், புள்ளி, அவ்ளோ கிட்டத்துல. எழுபத ஒட்டின வயசு அப்ப. தெருவுல கெடந்த முள்ளு இல்லாத கடிகாரம் ஒண்ணயும் வீட்டுக்குத் தூக்கிட்டு வராங்க. 2019ல தவறிட்டாங்க, 90 வயசுல.

எனக்கு அதுல ரொம்பப் புடிச்சது வேற. ஒரு நாள் கேமராவ அணைக்க மறந்துட்டு தொங்க விட்டுக்கிட்டே நடந்திருக்காங்க, லென்ஸ் மூடி தரைக்கு மேல ஆட்டம் போடுது, அத வெட்டித் தூக்கிப் போடாம பாட்டுப் போட்டுப் படத்துலயே வச்சிட்டாங்க. நான் முப்பத்திரண்டு வருஷத்துல அந்த மாதிரி எத்தன மணி நேரம் வெட்டி எறிஞ்சிருப்பேன். இது எனக்கு ரெண்டு நாள் தூக்கத்தக் கெடுத்துச்சு. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

13 மார்ச் 2025, இரவு 11.55
தமிழ்ல இதெல்லாம் கிடையாது, வெள்ளக்காரன் பழக்கம்னு ஒரு தம்பி எழுதியிருக்காப்ல. தம்பி, கேமராதான் அவங்களோடது. கோப்பிக்கடையில என் கூட்டாளி ஒருத்தர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், சொன்னது: குறுந்தொகையில ஒரு கிழவர் தன்னப் பத்தியே பாடுறாரு. சின்ன வயசுல மணல்ல பொம்ம செஞ்சு பூ வச்சு வெளையாடினது, பொண்ணுங்களோட கை கோத்துக் குளத்துல ஆடினது, தண்ணிக்கு மேல சாஞ்ச மருத மரத்துக் கெளயில ஏறி, கரையில நிக்குறவங்க எல்லாம் வாயப் பொளக்குற மாதிரி தொபுக்குனு குதிச்சு, ஆழத்துலேர்ந்து மணல் அள்ளிட்டு வந்து காட்டினது. இப்ப கையில தடி, உடம்பு நடுக்கம், பேசுனா நடு நடுவுல இருமல். அந்த எளமை இப்ப எங்கன்னு கேக்குறாரு. அவ்ளோதான் பாட்டு.

14 மார்ச் 2025, காலை 8.20
திருத்தம். குறுந்தொகை இல்ல, புறநானூறு, 243வது பாட்டு. வாத்தியாரு ஃபோன் போட்டு வஞ்சாரு. பாடினவர் பேரே தெரியாததால பாட்டுல வர்ற சொல்ல வச்சே தொடித்தலை விழுத்தண்டினார்னு பேராம், பூண் போட்ட ஊன்றுகோல். பாருங்க, ஆளு போயிட்டாரு, கைத்தடி பேரா நின்னுடுச்சு. எனக்கு அப்படி எதாவது வச்சா "ட்ரைபாட்டார்"னு வைக்கலாம்.

ஆனா அந்த "இருமிடை மிடைந்த சிலசொல்"லுன்னு ஒரு அடி. இருமலுக்கு நடுவுல சிக்கிக்கிட்டு வர்ற கொஞ்சம் சொல்லு. வாத்தியாரு ஃபோன்ல அத ரெண்டு தடவ சொன்னாரு. அவரும் இருமிக்கிட்டேதான் சொன்னாரு.

15 மார்ச் 2025, மாலை 5.00
வீடியோவுல சொத்தப் பிரிச்சிட்டீங்களா அங்கிள்னு கேட்டவருக்கு: பிரிச்சாலும் செல்லாது லா. இங்க உயில்னா எழுத்துல இருக்கணும், ரெண்டு சாட்சி முன்னால கையெழுத்துப் போடணும். கேமரா சாட்சி ஆகாது. சிபிஎஃப், அதாவது நம்ம ஓய்வுக்காலச் சேமிப்பு, அந்தப் பணம் உயில்லயும் வராது, அதுக்குத் தனியா நாமினேஷன். ஏஎம்டி, அதாவது இனி பொழக்க வழியில்ல, நெனவும் இல்லன்னா மெஷின் போட்டு இழுத்துப் புடிக்காதீங்கன்னு எழுதிக் குடுக்குறது, அதுவும் டாக்டர் ஒருத்தரும் இன்னொரு சாட்சியும் முன்னால கையெழுத்துப் போட்டாத்தான். எல்பிஏ, அதாவது புத்தி தடுமாறிட்டா நமக்காக முடிவெடுக்க ஒரு ஆள நியமிக்கிறது, அதுவும் ஃபாரம்தான். நான் நாலையும் முடிச்சாச்சு. நாலுலயும் என் கையெழுத்து நாலு விதமா இருக்கு.

ஒண்ணே ஒண்ணு வீடியோவுலதான் சொல்லி வச்சிருக்கேன். பேப்பர்ல போடுறதுக்கு எந்த போட்டோன்னு. நம்ம ஆளுங்க தமிழ் முரசு பேப்பர்ல செத்துப்போன அப்பாவுக்குன்னு போடுற படம் எல்லாம் இருவத்தஞ்சு வருஷத்துக்கு முந்தி எடுத்த பாஸ்போர்ட் படம், 80 வயசுல தவறினவருக்குக் கரு கருன்னு மீசை. எனக்கு அந்த வேல வேணாம்.

15 மார்ச் 2025, மாலை 5.40
வீட்டுக்காரம்மா வேற போட்டோ எடுத்து வச்சிருக்காம். மீசை உள்ளது.

20 மார்ச் 2025, இரவு 10.15
நேத்துலேர்ந்து மழை, கீழ எறங்கல. பழைய கணக்கு ஒண்ணு எழுதுறேன்.

என் தங்கச்சி 1966ல கேகே ஆஸ்பத்திரியில பொறந்தவ. அந்த ஒரு வருஷத்துல அந்த ஒரே ஆஸ்பத்திரியில 39,835 பிள்ளைங்க, கின்னஸ்ல போட்டாங்க. அம்மா சொல்லும், கட்டிலு பத்தலன்னு. அடுத்த வருஷம் அந்தப் பிள்ளைங்களுக்கெல்லாம் அறுபது. 2026ல இங்க அஞ்சுல ஒருத்தர் 65 தாண்டினவங்களா இருப்பாங்கன்னு அரசாங்கமே சொல்லிக்கிட்டிருக்கு. அதனால இந்த மாதிரி வீடியோ இனிமேதான் வரப் போவுது, கேள்வி கேட்டவரு தயாரா இருக்கவும்.

பாட்டி 1968ல போனது, பிடாடரி இடுகாட்டுல இந்துப் பகுதியில பொதச்சாங்க. இங்கதான் பதினஞ்சு வருஷத்துக்கு மேல யாரையும் விட்டு வைக்க மாட்டாங்களே, 2000க்கு அப்புறம் தோண்டி எடுக்கணும்னு கடுதாசி வந்துச்சு. விடியக்காத்தால அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போனேன். பையில இதே ஹேண்டிகேம். தோண்டுறவர் பாட்டுக்குத் தோண்டுறாரு, கூடாரம் போட்டு மறச்சிருந்தாங்க. நான் கேமராவ எடுத்தேன், ஆனா குழிப் பக்கம் திருப்ப முடியல. கீழ எறக்கி அம்மா கால எடுத்தேன். ரப்பர் செருப்பு, சேறு, ஒரு கால் விரலு இன்னொரு கால் மேல ஏறி எறங்குது. நாலு நிமிஷம் அதேதான். அந்த எடத்துல இப்ப வீவக வீடுங்க, அதான் அரசாங்க அடுக்குமாடி, வூட்லீ எம்ஆர்டி ரயில் ஸ்டேஷனுக்குப் போற வழியில குளமெல்லாம் வெட்டி அழகா வச்சிருக்காங்க. நான் குறை சொல்லல. என் மருமகன் தம்பி அங்கதான் வீடு வாங்கியிருக்கான், பாட்டிக்கு அதுல சந்தோஷம்தான் இருக்கும்.

21 மார்ச் 2025, காலை 9.30
ரெண்டு திருத்தம், ஒரு அம்மா எழுதியிருந்தாங்க, நன்றி. பதினஞ்சு வருஷ விதி 1998ல வந்தது, சுவா சூ காங்ல பொதைக்கிறதுக்கு. பிடாடரிய மூடி எடுத்தது வீடு கட்டுறதுக்கு, அது வேற விஷயம். நான் ரெண்டயும் ஒண்ணாக் கொழப்பிட்டேன். ரெண்டாவது, இதே ஹேண்டிகேம்னு எழுதினேன், அது 2003ல வாங்கினதுன்னு மேல நானே எழுதியிருக்கேன், பிடாடரிக்குப் போனது 2004ன்னு அம்மாவோட பழைய டைரியப் பாத்துச் சரி பண்ணிக்கிட்டேன். சரியாத்தான் வருது. வயித்துல புளியக் கரைச்சிடுச்சு.

ஆமா, அம்மா டைரி எழுதும். பால் கணக்கு, யாரு வந்தா, யாரு செத்தா. ஒரு வரிதான். அன்னைக்கு எழுதியிருந்தது: "மாமியார எடுத்தோம். மழை இல்ல. 12 வெள்ளி டாக்சி."

25 மார்ச் 2025, இரவு 1.10
தூக்கம் வரல. மேல வார்தா அம்மா பத்தி எழுதும்போது அப்புறம் சொல்றேன்னு சொன்னத இப்ப சொல்லிடுறேன்.

1989ல தங்கச்சி கல்யாணம், சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில் பக்கத்துல பிஜிபி மண்டபம். எடுத்தது நான்தான், தோள்ல வச்சு எடுக்குற விஎச்எஸ். அப்பாவுக்கு அப்பவே நெஞ்சுல சளி, செம்பவாங் கடற்படைத் தளத்துல பெயிண்ட் சொரண்டுற வேல பாத்தவரு, 71ல வெள்ளக்காரன் போனதும் ஜாகா வேல, அதான் வாட்ச்மேன், அதோட சுருட்டு. நாலு வார்த்த பேசுனா ரெண்டு இருமல். எடிட்டிங்ல உக்காந்தப்ப, அப்பல்லாம் ரெண்டு விசிஆர், ஒண்ணுல ஓட விட்டு இன்னொண்ணுல பதியணும், இருமல் வர்ற எடமெல்லாம் வெட்டிட்டேன். கெட்ட எண்ணம் இல்ல. எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் செய்வேன், தாத்தா இருமுனா கட், பாட்டி மூக்கச் சிந்துனா கட், பூத்தட்ட ஒரு க்ளோசப், நாதஸ்வரம் தொடர்ச்சியாப் போகும், யாருக்கும் தெரியாது. கைச்சுத்தமான எடிட்டர்னு எனக்குப் பேரே உண்டு.

அப்பா 91ல போயிட்டாரு. அவர் அசையுற படம் எங்ககிட்ட அது ஒண்ணுதான். நேத்து ராத்திரி மாஸ்டர் காப்பியப் போட்டுப் பாத்தேன், அது எப்பவோ கம்ப்யூட்டருக்கு ஏத்தியாச்சு. அட்சத போட வராரு. பொண்ணு மாப்பிள்ள குனியுறாங்க. அப்பா கைய ஓங்குறாரு, வாயத் தெறக்குறாரு. கட். பூத்தட்டு.

மொத்தம் மூணு எடத்துல அவரு வாயத் தெறக்குறாரு. மூணு எடத்துலயும் பூத்தட்டு. ஒரே பூத்தட்டு.

25 மார்ச் 2025, காலை 10.00
ராத்திரி எழுதினத அழிக்கலாமான்னு பாத்தேன். இருக்கட்டும்.

31 மார்ச் 2025, இரவு 9.45
ஹரி ராயா, அதான் நோன்புப் பெருநாள் லீவு, மகனும் மகளும் வந்திருந்தாங்க, பக்கத்து வீட்டு மக்சிக், மலாய்க்காரம்மா, குடுத்த ரெண்டாங்குக் கறி ஒரு சட்டி காலி. சாப்பிட்டுட்டு மூணு பேரும் ஸ்டோர் ரூம எறக்குனோம். தேடுனது எடிட் பண்ணாத ஒரிஜினல் கேசட்டு. ஒண்ணு ஞாபகம் வச்சிக்கணும், அந்தக் காலத்துல மூணு மணி நேர விஎச்எஸ் கேசட்டு சும்மா வராது, மாஸ்டர் குடுத்து ஒரு வருஷம் ஆனதும் ஒரிஜினல் மேலயே அடுத்த விசேஷத்த எடுத்துடுவோம். நாலு தடவ வரைக்கும் ஓட்டியிருக்கேன்.

கிடைச்சுது. லேபிள்ல தங்கச்சி பேரு, மேல கோடு போட்டு அடிச்சு, அதுக்குக் கீழ "ஆங் மோ கியோ காதுகுத்து 90"ன்னு என் கையெழுத்து. நடுங்காத கையெழுத்து, அழகா இருக்கு.

மக முகம் விழுந்துடுச்சு. நான் மட்டும் ஒரு விஷயம் நெனச்சேன், சொல்லல. டேப்புல மேல பதியுறது எவ்ளோ நீளமோ அவ்ளோதான் பழசு அழியும். காதுகுத்து மூணு மணி நேரமா நடக்கும்?

2 ஏப்ரல் 2025, இரவு 8.30
அவசரப்படக் கூடாது. கேசட்டுச் சன்னல் வழியாப் பாத்தா டேப்பு ஓரத்துல வெள்ளையா பூஞ்சை. நம்மூரு ஈரத்துக்கு அது சாதாரணம். அப்படியே விசிஆர்ல போட்டா டேப்பு அறுந்தாலும் அறுந்துடும், ஹெட்டும் போயிடும், போச்சுன்னா வேற விசிஆர் எங்க போறது, கடைசியா செஞ்சுக்கிட்டிருந்த ஜப்பான் கம்பெனியே 2016ல நிறுத்திட்டான். சிலிக்கா ஜெல் போட்டு டப்பாவுல அடச்சு வச்சிருக்கேன். ஒரு வாரம் காயட்டும், அப்புறம் பழைய ரீவைண்டர்ல மெதுவா ஓட விட்டு, துணியால தொடச்சு, அப்புறம்தான்.

ஈரப்பதத்த எடுக்க டிரை கேபினட்டே வாங்கிடுன்னு மகன் சொல்றான். முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு வாங்கி என்ன பண்ண. ஆனா மினிடிவி வச்சிருக்கறவங்க இப்பவே மாத்திக்கோங்க, ஒரு மணி நேரக் கேசட்டு கிட்டத்தட்ட 13 ஜிகாபைட், ஓடுற நேரம் பூரா உக்காந்துதான் ஏத்தணும், குறுக்கு வழி கிடையாது. நான் பாதிதான் முடிச்சிருக்கேன். அம்மா செருப்ப முதல்ல ஏத்திட்டேன்.

5 ஏப்ரல் 2025, மாலை 6.40
கேள்வி கேட்டவரு திரும்ப வந்திருக்காரு, "அப்ப நடிப்பு இல்லங்கிறீங்களா?"ன்னு. இருக்குங்க. இன்னைக்கு 77வது வீடியோ, இன்னமும் சட்டைய மாத்திட்டுத்தான் உக்காருறேன். ஆனா இப்ப வெட்டுறதில்ல. ரெண்டாவது நிமிஷத்துக்கு மேல நடிக்கத் தெம்பு இல்ல, அப்ப வர்றது வரட்டும்னு விட்டுடுறேன். வீட்டுக்காரம்மா குறுக்க போகும், "யாருகிட்டங்க பேசுறீங்க, மாத்திர போட்டாச்சா?"ன்னு கேக்கும். 77ல 41 வீடியோவுல அந்தக் குரல் இருக்கு. முகத்தக் காட்ட மாட்டேங்குது, கை மட்டும் மாத்திரையோட ஃபிரேமுக்குள்ள வருது.

கண்ணு பத்தி ஒரு விஷயம் சொல்ல விட்டுப் போச்சு. போன வருஷம் இடது கண்ணுல கண்புரை எடுத்தேன். வலதுல இன்னும் எடுக்கல. இடது கண்ண மூடிக்கிட்டுப் பாத்தா என் வெள்ளச் சட்ட பழுப்பா இருக்கு, வலத மூடுனா பளிச்சுன்னு வெள்ள. வயசானா கண்ணு லென்ஸே மஞ்சளாப் போயிடுமாம். அப்ப 2010க்கு மேல நான் கலர் சரி பண்ணிக் குடுத்த கல்யாணமெல்லாம்? எந்தப் பொண்ணாவது கொஞ்சம் நீலமா இருந்தா மன்னிச்சிடுங்க.

10 ஏப்ரல் 2025, இரவு 11.30
ஓட்டிட்டேன்.

11 ஏப்ரல் 2025, காலை 6.50
நேத்து ராத்திரி எழுத முடியல, இப்ப எழுதுறேன்.

காதுகுத்து ஒரு மணி நாப்பத்திரண்டு நிமிஷம். அந்தப் பாப்பாவுக்கு இப்ப முப்பத்தஞ்சு முப்பத்தாறு வயசு இருக்கும், மாமா மடியில அலறுறா. அப்புறம் படம் உடைஞ்சு, கோடு கோடா, கொஞ்சம் பனி. அப்புறம் பிஜிபி மண்டபம்.

அட்சத போட்ட எடம் இல்ல. அதெல்லாம் முதல் மணி நேரத்துல, காதுகுத்துக்கு அடியில போயிடுச்சு. இது சாப்பாட்டு நேரம். பந்தி, வாழையில, யாரோ பாயசம் கேக்குறாங்க. அப்புறம் படம் சாஞ்சு நின்னுடுது. நான் பசிக்குதுன்னு கேமராவ மேச மேல வச்சிட்டு அணைக்க மறந்திருக்கேன். இருவது நிமிஷத்துக்கு மேச ஓரம், எவர்சில்வர் வாளி, போற வர்ற காலுங்க. மாஸ்டர்ல இது ஒரு நொடி கூடக் கிடையாது, நல்லா ஞாபகம் இருக்கு, மொத்தமாத் தூக்கிப் போட்டேன்.

பன்னண்டாவது நிமிஷத்துல ஒரு வேட்டி வந்து நிக்குது. பாதம் தெரியுது, இடது கட்ட விரல் நகம் கறுப்பு, அது பட்டறையில சங்கிலி விழுந்தது. இருமல். ரொம்ப நேரம் இருமல். வீட்டுக்காரம்மா சோஃபாவுலேர்ந்து எழும்பி டிவி கிட்டப் போயி நின்னுச்சு, அது அப்பாவ அதுக்கப்புறம் ரெண்டே வருஷம்தான் பாத்தது.

அப்பா சொல்றாரு, "ஏன்டா," இருமல், "காருக்குப் பார்க்கிங் கூப்பனு," இருமல், "கிழிச்சு வச்சியா? மணி ரெண்டாவுது."

பக்கத்துல ஒரு சின்னப் பையன் குரலு, வாயில சோறு, எரிச்சலா, "வச்சேன், வச்சேன்பா." அந்தக் குரல் யாருன்னு எனக்குத் தெரியல. மகன்தான் சொன்னான், "அப்பா, அது நீங்க."

வைக்கல. அன்னைக்கு பார்க்கிங்காரன் அபராதச் சம்மன் போட்டுட்டுப் போயிட்டான், அப்பாகிட்ட நான் சொல்லவே இல்ல.